‘நீ பெரியவன்’ என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள்

சிவதாபுரத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மூத்தவனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. அடுத்தவனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. இருவருக்கும் பிறகு பிறந்த பெண் குழந்தைக்கு இப்போது 20 மாதம். கணவர் வீட்டின் முன்னறையிலேயே கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மாமியாரும் உடன் இருக்கிறார். பாப்பா அண்ணன்களின் நோட்டைக் கிழிக்கிறாள், பிடுங்கினால் கடிக்கிறாள். போன வாரம் மூத்தவன் அவளை முதுகில் ஓங்கி அடித்துவிட்டான். சின்னவன் நாலு வருடமாக விட்டிருந்த பழக்கம் திரும்பி, இரவில் பாயை நனைக்கிறான். பாப்பாவுக்கு இன்னும் ஏழெட்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. இதற்கு நடுவே மே மாதம் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிப் பையன்கள் நச்சரிக்கிறார்கள். இவளைத் தூக்கிக்கொண்டு மலை ஏறலாமா என்றும் கேட்கிறார்.

அம்மாபேட்டைப் பக்கம் அங்கன்வாடியில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் வீட்டிலும் இரண்டு பையன்களுக்குப் பின்னால் பிறந்தவள் ஒரு பெண். அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாப்பாவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவளைவிட உங்கள் பையன்கள் மீதுதான் கவலை.

என் மூத்தவன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக் கண்காட்சிக்காக மேட்டூர் அணையை அட்டையில் செய்தான். அந்த 16 கண் மதகுக்கு 16 கதவுகளையும் தீப்பெட்டி அட்டையில் வெட்டி, ஒவ்வொன்றாகப் பசை தடவி நிறுத்தியிருந்தான். முதல் நாள் மாலை, காய்வதற்காகத் தரையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனான். திரும்பி வருவதற்குள் தங்கை அணை மேல் உட்கார்ந்திருந்தாள். அவன் போட்ட கூச்சலில் அவள் வீறிட்டு அழுதாள். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு, அவனைப் பார்த்து, “அவள் குழந்தை. நீ பெரியவன். இதற்குப் போய் இப்படிக் கத்துவாயா?” என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. குனிந்து கதவுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து எண்ணினான். பதினொன்று இருந்தது. மீதி ஐந்தை இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து வெட்டினான். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் அவன் தங்கையைத் தூக்கவே இல்லை. அவள் அருகில் போனால் எழுந்து வேறு இடத்துக்குப் போவான். அது வெறுப்பு இல்லை என்று எனக்குப் புரியச் சில காலம் ஆனது. அவனுடைய பொருளைக் காப்பாற்ற வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்ததும், அவளையே ஒதுக்கிவைப்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே வழியாக இருந்தது.

உங்கள் மூத்தவன் அடித்ததையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 11 வயது என்பது பெரிய வயது அல்ல. பாப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் அவன் நமக்குப் பெரியவனாகத் தெரிகிறான். அவள் பிறந்த அன்று ஒரே நாளில் அவனுக்கு வயது கூடிவிட்டதாக நாமே நினைத்துக்கொள்கிறோம். ‘விட்டுக்கொடு’ என்று நாம் சொல்லி அவன் கொடுப்பது பறிப்புதான். தன் பொருள் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கை வந்துவிட்டால், பிள்ளைகள் கேட்காமலே கொடுப்பார்கள். இதை நான் நூறு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

பாப்பாவின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 20 மாதக் குழந்தைக்கு வம்பு செய்யத் தெரியாது. நோட்டைக் கிழிக்கும்போது அவள் கவனிப்பது அந்தச் சத்தத்தையும், காகிதம் இரண்டாவதையும், உடனே அண்ணன் பாய்ந்து வருவதையும். கடைசியில் சொன்னதுதான் அவளுக்கு மிகவும் பிடித்தது. நாள் முழுவதும் பள்ளியில் இருந்துவிட்டு வரும் அண்ணன், வந்ததும் நோட்டைத்தான் பார்க்கிறான், அவளைப் பார்ப்பதில்லை. நோட்டைத் தொட்டால் பார்க்கிறான். அவள் கற்றுக்கொண்ட பாடம் அதுதான். பகிர்ந்துகொள்வதும் இந்த வயதில் வராது. இரண்டு வயதுவரை ஒரு குழந்தை மற்ற குழந்தைக்கு அருகில் உட்கார்ந்து தனியாக விளையாடும். சேர்ந்து விளையாடுவது மூன்று வயதை ஒட்டித்தான் மெல்ல வரும். ‘பொறு’, ‘வேண்டாம்’ என்ற சொற்களின் பொருள் அவளுக்குப் புரிந்தாலும், கையை இழுத்துக்கொள்ளும் கட்டுப்பாடு இன்னும் வளரவில்லை. ஆகவே இரண்டு பக்கமும் புத்தி சொல்லிப் பயனில்லை. வீட்டைத்தான் மாற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் நாங்கள் வைத்த சட்டம் இது: அம்மாவின் இடுப்புக்கு மேலே இருப்பதெல்லாம் அண்ணன்களுடையது, கீழே இருப்பதெல்லாம் பாப்பாவுடையது. கீழே விட்டுவைத்த பொருளை அவள் எடுத்தால் அவளைத் திட்டக்கூடாது. மேலே இருப்பதை எந்தப் பெரியவரும், பாட்டி உட்பட, அவள் அழுகிறாள் என்பதற்காக எடுத்துக் கொடுக்கக்கூடாது. இரண்டாவது பாதியைக் காப்பாற்றுவதுதான் கடினம். உங்கள் மாமியாரிடம் இதை முதலிலேயே பேசிவிடுங்கள். பேத்தி அழுவதைப் பொறுக்கமாட்டாமல் பேரனின் ஜியோமெட்ரி பாக்ஸை எடுத்துக் கொடுக்கும் பாட்டிகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் அந்த ஒரு நொடியில் சட்டம் செத்துப்போகும். சுவரில் ஒரு பலகை அடித்து, ஆளுக்கு ஒரு தட்டு ஒதுக்கி, பெயர் எழுதி ஒட்டுங்கள். மேசை வாங்க வசதி இல்லையென்றால், பையன்கள் படிக்கும் நேரத்தில் மட்டும் அறை வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகையை வைத்து மறியுங்கள். அவள் அதற்கு அப்பால் நின்று அழுவாள். எட்டிப் பார்க்கட்டும். அண்ணன் அவ்வப்போது தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசினால் போதும்.

இதோடு ஒரு எலுமிச்சம்பழக் கணக்கையும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாக இருக்கும் எந்தப் பொருளும் தரையில் கிடக்கக்கூடாது. கோலி, நாணயம், பேனா மூடி, ரப்பர், பல்லாங்குழி ஆடும் புளியங்கொட்டை எல்லாமே இதில் வரும். எனக்குத் தெரிந்த ஒரு குழந்தை மூக்கில் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டு, அது ஊறிப் பெருத்து, இரண்டு நாள் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் பெற்றவர்களுக்குத் தெரிந்தது. இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது பொத்தான் போன்ற தட்டையான பேட்டரியைத்தான். பையன்களின் விளையாட்டுப் பொருள், ரிமோட், வெளிச்சம் வரும் செருப்பு என்று எங்கும் இருக்கிறது. அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தால்கூடப் போதும், காலைவரை காத்திருக்காமல் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

முன்னறையில் பட்டறை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சிவதாபுரம், பனங்காடு பக்கம் எத்தனையோ வீடுகள் அப்படித்தான். பிழைப்பு அது, மாற்ற முடியாது. ஆனால் கதவுக்கு மேல்தாழ்ப்பாள் அவசியம். ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்கவேண்டாம் என்று உங்கள் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தப்பித் தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். 108-ஐ அழைத்து, அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பாப்பாவின் காலில் இருக்கும் கொலுசையும் வாரம் ஒரு முறை பாருங்கள். சலங்கை முத்து தளர்ந்திருந்தால் அன்றே பற்றவைத்துவிடச் சொல்லுங்கள், வீட்டிலேயே பட்டறை இருக்கிறதே. சேலத்தில் நாங்கள் பிள்ளை வளர்த்ததே அந்தச் சத்தத்தை நம்பித்தான். சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் கவலையில்லை. நின்றுவிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

தொண்டையில் ஏதாவது சிக்கினால் என்ன செய்வதென்று வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் முகம் நீலம் பாய்ந்தால், முன்பக்கம் சாய்த்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லையென்றால், ஒரு வயது தாண்டிய குழந்தை என்பதால், பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்குச் சற்று மேலே கையை வைத்து உள்நோக்கி மேலாக ஐந்து முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். மூத்தவனுக்கு 108-ஐ அழைத்து வீட்டு முகவரியைத் தெளிவாகச் சொல்லப் பழக்குங்கள்.

உங்கள் நாளில் மிக மோசமான நேரம் மாலை நாலரை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். பையன்கள் பசியோடும் களைப்போடும் வருகிறார்கள். பாப்பா அப்போதுதான் தூங்கி எழுந்து புதுத் தெம்போடு நிற்கிறாள். நீங்கள் இரவுச் சமையலைத் தொடங்கும் நேரமும் அதுதான். முதல் இருபது நிமிடம் யாரையும் எதுவும் கேட்காதீர்கள். கை கால் கழுவியதும் தின்பண்டம். வீட்டுப்பாடத்தை அப்போது எடுக்கவே வேண்டாம். பத்து நிமிடமாவது இரண்டு அண்ணன்களும் தரையில், அவளுடைய பகுதியில், அவளோடு உட்காரட்டும். பந்தை உருட்டினால் போதும். அவள் நாள் முழுக்க ஏங்கியது இதற்குத்தான். அது கிடைத்துவிட்டால் நோட்டைத் தேடி வருவது பாதியாகக் குறையும். பிறகு பாட்டி அவளைத் தெருப்பக்கம் கூட்டிப்போகட்டும், அந்த ஒரு மணி நேரம் பையன்களின் படிப்புக்கு. இரவில் அவள் தூங்கிய பின் படிக்க வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பாப்பாவுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம். அவளுடைய பகல் தூக்கம் மூன்று மணிக்குள் முடியும்படி பார்த்துக்கொண்டால், இரவு எட்டு எட்டரைக்குக் கண் சொருகிவிடும்.

கடித்தால் என்ன செய்வது? கடி வாங்கியவனை முதலில் கவனியுங்கள். இதுதான் முக்கியம். பாப்பாவைத் தூக்கி ஒரு பக்கம் வைத்து, கண்ணைப் பார்த்து, “கடிக்கக்கூடாது. அண்ணாவுக்கு வலிக்கும்” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, பையனிடம் திரும்பிவிடுங்கள். அவளுக்குப் பெரிய விளக்கம், பெரிய கோபம், சிரிப்பு எதுவும் வேண்டாம். திருப்பிக் கடித்துக் காட்டச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அது தவறு, கடிப்பது சரி என்றுதான் அவள் கற்றுக்கொள்வாள். தோல் கிழிந்திருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள். பேச்சு வர வர இந்தப் பழக்கம் தானாகக் குறையும். அவள் வாயைத் திறந்து நெருங்குவதைப் பார்த்ததும் “வேணுமா? தா என்று கேள்” என்று சொல்லிக் கொடுங்கள்.

மூத்தவன் அடித்ததற்கு அவனை அடித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அடித்திருந்தால் மனம் நோகாதீர்கள், ஆனால் இனி வேண்டாம். இந்த வீட்டில் யாரும் யாரையும் அடிப்பதில்லை என்ற ஒரே சட்டம் பெரியவர்களுக்கும் சேர்த்து இருக்கட்டும். இரவு அவள் தூங்கிய பிறகு அவன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, “அன்றைக்கு உனக்கு ரொம்பக் கோபம் வந்துவிட்டது, இல்லையா கண்ணு?” என்று மட்டும் கேளுங்கள். அவன் தங்கையைப் பற்றிக் குறை சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள். ‘எனக்கு அவளைப் பிடிக்கவில்லை’ என்று சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவிடம் சொல்ல முடிந்த கோபம் கைக்கு வராது.

சின்னவன் விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து ஆறு வயதுவரை பாயை நனைப்பது சாதாரணம். ஆனால் நாலு வருடம் நனைக்காமல் இருந்தவன் திரும்பத் தொடங்கினால், மனத்தாங்கல் என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சில நேரம் சர்க்கரை நோய்கூட இப்படித்தான் முதலில் தெரியும். அவன் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறானா, இளைத்திருக்கிறானா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். இல்லாவிட்டாலும் ஒரு மூத்திரப் பரிசோதனை செய்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், இரண்டு பேருக்கும் நடுவில் அவன் தொலைந்துபோயிருக்கிறான் என்று பொருள். மூத்தவனுக்கு ‘பெரியவன்’ என்ற பட்டமாவது இருக்கிறது. இவன் ஆறு வருடம் வீட்டின் கடைக்குட்டி. அந்த இடம் போய்விட்டது, பதிலுக்கு எதுவும் வரவில்லை. ‘எனக்கும் ஊட்டு’ என்கிறான் என்று நீங்கள் சலித்துக்கொண்டு எழுதியிருந்தீர்கள். ஊட்டுங்கள் அம்மா. நாலு வாய்தானே? கேட்டது கிடைத்தால் பத்து நாளில் அவனே தட்டை வாங்கிக்கொள்வான். பாயை மாற்றுவதை இருவருக்கும் நடுவில் ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் காதில் விழ வேண்டாம், விருந்தாளிகள் முன்னால் பேச்சே வேண்டாம்.

அவனுக்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள் என்று சொன்னால், எங்கே இருக்கிறது நேரம் என்று கேட்பீர்கள். புதிதாக நேரம் தேட வேண்டாம். வாரம் ஒரு நாள் காலையில் சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போகும்போது அவனை மட்டும் கூட்டிப்போங்கள். பை அவன் கையில் இருக்கட்டும், தக்காளியை அவன் பொறுக்கட்டும், சில்லறையை அவன் எண்ணி வாங்கட்டும். என் சின்னவனோடு நான் அப்படிப் போவேன். ஒருநாள் கத்தரிக்காய் கடைக்கார அம்மா, “இவன்தான் கடைசியா?” என்று கேட்டதற்கு, அவன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “இல்லை, நான் நடு” என்றான். அன்றைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன்தான் பேசினான், நான் கேட்டுக்கொண்டே வந்தேன். மூத்தவனுக்கு இதே போல அப்பாவின் வண்டியில் ஒரு சுற்று அமையட்டும்.

அண்ணன்கள் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளலாமா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. விளையாட்டுக் காட்டலாம், தண்ணீர் கொடுக்கலாம், நீங்கள் அடுத்த அறையில் இருக்கும்போது ஐந்து பத்து நிமிடம் கண் வைத்திருக்கலாம். குளிப்பாட்டுவது, தெருவைக் கடப்பது, மாடிப்படி, தண்ணீர் இருக்கும் இடம் இவற்றில் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் வைக்கக்கூடாது. மேட்டூர்த் தண்ணீர் வருகிற அன்று டிரம், அண்டா, வாளி எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிற ஊர் நம்முடையது. தலை கனத்த இந்த வயதுக் குழந்தை வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால், கால் கீழே ஊன்றாது, சத்தமும் வராது. அரை வாளித் தண்ணீரே போதும். டிரம்மை மூடி போட்டு இறுக்குங்கள், காலி வாளியைக் கவிழ்த்து வையுங்கள். இப்படி ஏதாவது நடந்துவிட்டால், ‘உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேனே’ என்ற ஒரு வார்த்தையைப் பையன் ஆயுள் முழுக்கச் சுமப்பான்.

இன்னொன்று, அண்ணன்கள் உள்ள வீட்டில் அடிக்கடி நடப்பது. இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிச் சுற்றுவார்கள், அவளும் கெக்கலித்துச் சிரிப்பாள். திடீரென்று அழுது, ஒரு கையை அசைக்காமல் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பாள். முழங்கை மூட்டில் எலும்பு சற்று நழுவியிருக்கும். ஒன்று முதல் நாலு வயதுவரை மூட்டு நார்கள் தளர்வாக இருப்பதால் இது எளிதில் நேரும். எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்லி எங்கும் அலையாதீர்கள். மருத்துவர் பார்த்தால் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் திருப்பிச் சரிசெய்துவிடுவார். பையன்களைத் திட்ட வேண்டாம். அக்குளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்க வேண்டும் என்று ஒருமுறை செய்து காட்டுங்கள்.

பேச்சைப் பற்றிக் கேட்டீர்கள். 18 மாதத்தில் பத்துச் சொல், இரண்டு வயதில் ஐம்பது சொல்லை ஒட்டி, ‘அண்ணா வா’, ‘பால் தா’ என்று இரண்டைச் சேர்த்துச் சொல்வது, இவை பொதுவான அளவு. உங்கள் பாப்பா கொஞ்சம் பின்தங்கியிருக்கிறாள். ஆனால் எண்ணிக்கையைவிட நான் பார்ப்பது வேறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறாளா? “செருப்பை எடுத்து வா” என்றால், நீங்கள் கையால் காட்டாமலே எடுத்து வருகிறாளா? மூன்றும் இருந்தால் இரண்டு வயதுவரை பொறுக்கலாம். ஒன்று குறைந்தாலும் இப்போதே காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள்; சளி பிடித்துக் காதில் நீர் கோத்திருந்தால்கூடப் பேச்சு தாமதமாகும்.

அண்ணன்களால் பேச்சு தாமதமாகுமா என்றால், ஓரளவு தொடர்பு உண்டு. பிரான்ஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், அக்கா உள்ள குழந்தைகளைவிட அண்ணன் உள்ள குழந்தைகளின் மொழித்திறன் சற்றுக் குறைவாக இருந்தது. சராசரிதான், அதற்காக எந்த அண்ணனையும் குற்றம் சொல்ல முடியாது. நம் வீடுகளில் நான் கண்டது, அண்ணன்கள் மொழிபெயர்ப்பாளர்களாக இருக்கிறார்கள் என்பது. அவள் ‘ம்ம்’ என்று கை நீட்டுவதற்குள் ஒருவன் டம்ளரை நீட்டிவிடுகிறான். அவளுக்கு வாயைத் திறக்க என்ன தேவை? “அவள் கேட்கட்டும், மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுக் கொடு சாமி” என்று பையன்களிடம் சொல்லுங்கள். ஐந்தாவது எண்ணில் ‘தண்ணி’ என்று வந்ததும் அவர்கள் முகத்தில் வரும் மகிழ்ச்சியைப் பாருங்கள். தங்கைக்கு வாரம் ஒரு சொல் கற்றுக்கொடுக்கும் வேலையைச் சின்னவனுக்குக் கொடுங்கள். அவனுக்கு ஒரு இடம் வேண்டும் என்று சொன்னேனே, அது இதுதான். பையன்கள் பள்ளிக்குப் போன பிறகு, அரிசி களையும்போதும் துணி மடிக்கும்போதும் நீங்களும் அவளோடு பேசிக்கொண்டே இருங்கள். செல்போனை மட்டும் கையில் கொடுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் வருடத்தில் பிறந்த எடை மூன்று மடங்காகும். இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். அதனால் பசி குறைவது இயல்பு, துரத்தித் துரத்தி ஊட்ட வேண்டாம். பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் சோறு இறங்காது, ரத்தசோகையும் வரும். ஜவ்வரிசிக் கஞ்சி பலம் என்று நம் ஊரில் நினைக்கிறோம். அதில் இருப்பது ஏறக்குறைய மாவுச்சத்து மட்டும்தான். பருப்பு, முட்டை, கீரையும், அங்கன்வாடியில் தரும் சத்துமாவும் கொடுங்கள். அண்ணன்கள் தட்டுவடை செட் தின்றால் அவளும் கை நீட்டுவாள். அந்தத் துருவிய கேரட், பீட்ரூட்டைக் கொஞ்சம் வேகவைத்து அவள் தட்டில் தனியாக வையுங்கள். முழு நிலக்கடலை, பொரி, பொட்டுக்கடலை எதுவும் இப்போது வேண்டாம். பூச்சி மாத்திரை முகாம் வரும்போது மூன்று பேருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். இரண்டு வயதுக்குள் இருப்பவளுக்கு அரை மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்து.

ஏற்காட்டுக்குப் போய் வாருங்கள், தாராளமாக. சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். வாந்தி எடுப்பாள் என்று பயப்படுகிறீர்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு வண்டி வாந்தி அரிது. 2 முதல் 12 வயதுவரைதான் அதிகம். கவலைப்பட வேண்டியது பையன்களுக்கு. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி மட்டும் கொடுத்து, ஜன்னல் ஓரமாக உட்கார வையுங்கள். பாப்பாவுக்கு ஏறும்போது காது அடைக்கும்; தாய்ப்பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தால் சரியாகும். காரில் போனால் அவளை முன் சீட்டில் மடியில் வைக்காதீர்கள். வழியில் குரங்குகள் உண்டு, அவள் கையில் பிஸ்கட் இருக்க வேண்டாம். மே மாதத்தில் கீழே எவ்வளவு வெயிலாக இருந்தாலும் மேலே மாலையில் குளிரும். ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கோடை விழா நாட்களைத் தவிர்த்தால் நெரிசலில் சிக்கமாட்டீர்கள்.

அங்கே போன பிறகு ஐந்து பேரும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. ஏரியில் படகுக்கு அவள் அளவுக்குப் பொருந்தும் மிதவை உடுப்பு இல்லையென்றால், நீங்கள் அவளோடு பக்கத்தில் அண்ணா பூங்காவில் புல்லில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அப்பாவும் பையன்களும் படகில் போகட்டும். அடுத்து, பாப்பா அப்பாவிடம் இருக்க, நீங்கள் பையன்களோடு லேடீஸ் சீட்டுக்குப் போய், கீழே தெரியும் சேலத்தைப் பாருங்கள். நம் வீடு எந்தப் பக்கம் இருக்கும் என்று மூத்தவன் காட்டட்டும்.

வளைவுகளை எண்ணும் வேலை சின்னவனுடையது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. கண் வெளியே இருந்தால் குமட்டலும் குறையும், ஒவ்வொரு எண்ணையும் அவன் சொல்ல பாப்பாவும் கூடவே கத்துவாள். அந்த மூத்திரப் பரிசோதனையை மட்டும் மே மாதம்வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.